அணு ஆயுதம் இல்லாத நாட்டுக்கு அது கிடைக்கலாமா? எங்கள் சீஃபுக்கு என்ன பதில் சொல்வது?

இரவு வாட்ச் எழுதியது:

வணக்கம். இங்கே பல வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். எங்கள் சீஃப் இன்ஜினியர் உக்ரைன்காரர். ஊர் மிக்கோலாயிவ். சோவியத் காலத்தில் விமானம் தாங்கிக் கப்பல்களைக் கட்டிய ஊர் அது. அவருடைய அப்பா அங்கே வெல்டராக இருந்தவர். சீஃபோடு நான் நான்கு கான்ட்ராக்ட் செய்திருக்கிறேன். ஒரு பம்பின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் முதல் ஆள் அவர்.

2018இல் எங்கள் கப்பல் பழுதுபார்க்க நாகசாகியில் டிரைடாக்கில் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் அங்கிருக்கும் அணுகுண்டு அருங்காட்சியகத்துக்குப் போனோம். குண்டு வெடித்த 11:02க்கு நின்றுபோன ஒரு சுவர்க்கடிகாரம் அங்கே இருக்கிறது. உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போன கண்ணாடிப் புட்டிகள் இருக்கின்றன. சீஃப் அந்தக் கடிகாரத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். டாக்சியில் திரும்பும்போது, "எங்களிடமும் இது இருந்தது, கொடுத்துவிட்டோம். என் வாழ்க்கையில் எங்கள் அரசாங்கம் செய்த ஒரே நல்ல காரியம்" என்றார். அந்த வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

2022 பிப்ரவரி 24 அன்று நாங்கள் இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருந்தோம். எங்கள் தேர்ட் ஆபீசர் ரஷ்யர், 26 வயதுப் பையன். அன்று மதியம் மெஸ் ரூமில் ஸ்பூன் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்தப் பையன் பாதியில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். ஏப்ரலில் மிக்கோலாயிவுக்குக் குடிநீர் கொண்டுவரும் குழாய் போரில் உடைந்தது. சீஃபின் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. லாரி வரும் இடத்தில் வரிசையில் நின்று கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் ஒரு நாள் கன்ட்ரோல் ரூமில், லாக் புக்கிலிருந்து தலையை எடுக்காமலே சீஃப் சொன்னார்: "நாங்கள் அதைக் கொடுத்திருக்கவே கூடாது. கொடுக்காமல் இருந்திருந்தால் என் அம்மா இன்று கேன் தூக்கமாட்டாள்."

கடிகாரத்தின் முன்னால் நின்ற அதே மனிதர். நான் எதுவும் பேசவில்லை. பேச என்னிடம் எதுவும் இல்லை.

அணு ஆயுதம் இல்லாத ஒரு நாடு, பக்கத்தில் பலசாலி இருக்கும்போது, அது தனக்கும் வேண்டும் என்று நினைப்பது தப்பா? சட்டப்படி கூடாது என்று ஒப்பந்தம் இருப்பது தெரியும். நியாயப்படி எப்படி என்பதுதான் என் கேள்வி. உலக அமைதி, மனிதநேயம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதிலாக இருந்தால் நன்றாக இருக்கும்.


பழைய பேப்பர் எழுதியது:

செய்தி மேசையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். அவருடைய வேதனைக்கு நடுவில் தகவல் சொல்ல வருவது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் "எங்களிடம் இருந்தது" என்கிறாரே, அந்த "இருந்தது" என்ற சொல்லிலிருந்து தொடங்குவதுதான் சரி.

1991இல் சோவியத் யூனியன் கலைந்தபோது உக்ரைன் மண்ணில் ஏறக்குறைய 1,900 நெடுந்தூர அணுகுண்டுகள் மிஞ்சின. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் 176, அவை போக நாற்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள். எண்ணிக்கைப்படி அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் அடுத்து மூன்றாவது இடம். ஆனால் ஏவுவதற்கான கட்டளைக் குறியீடுகள் மாஸ்கோவில் இருந்தன. அப்புறம், குண்டு என்பது செய்து பரணில் போட்டுவைக்கிற பொருள் கிடையாது. அதில் இருக்கும் டிரிட்டியம் என்ற வாயு பன்னிரண்டு வருடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான ஆலைகள் எல்லாம் ரஷ்யாவில்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உக்ரைனின் டினிப்ரோ நகரத்து ஆலைதான் சோவியத்தின் பெரிய ஏவுகணைகளைச் செய்தது. தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். சில வருடம் பாடுபட்டிருந்தால் பூட்டை உடைத்துத் தங்கள் கைக்குள் கொண்டுவந்திருக்கலாம். வைத்துக்கொள்வதே நல்லது என்று அமெரிக்கப் பேராசிரியர் ஜான் மியர்ஷைமர் 1993இலேயே எழுதினார். ஆனால் அந்த 1993இல் உக்ரைனில் விலைவாசி ஒரே வருடத்தில் சுமார் நூறு மடங்கு ஏறியது. செர்னோபில் நடந்து ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. அணு ஆயுதத்தை ஏற்கமாட்டோம், செய்யமாட்டோம், வாங்கமாட்டோம் என்று 1990 ஜூலையில், சுதந்திரத்துக்கும் முன்பே, அவர்களுடைய நாடாளுமன்றம் அறிவித்திருந்தது. சீஃப் டாக்சியில் சொன்னது அவருடைய தனிப்பட்ட எண்ணம் மட்டும் இல்லை, அந்தத் தலைமுறையில் நிறையப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள்.

குண்டுகளைக் கொடுப்பதற்குப் பதிலாக ஓர் உடன்படிக்கை 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் கையெழுத்தானது. ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன், உக்ரைன். எல்லைகளை மதிப்போம், படைபலத்தைப் பயன்படுத்தமாட்டோம், பொருளாதார நெருக்கடி கொடுக்கமாட்டோம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. உதவிக்கு வரும் இடத்தில்தான் வாசகம் மெலிகிறது. உக்ரைன்மீது அணு ஆயுதம் ஏவப்பட்டாலோ அப்படி மிரட்டப்பட்டாலோ ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் நடவடிக்கை கோருவோம் என்பதோடு சரி. அந்த மன்றத்தில் ரஷ்யாவுக்கு வீட்டோ இருக்கிறது.

ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஆங்கிலப் பிரதியில் இருப்பது "உறுதிமொழி" என்ற பொருள் தரும் சொல். படை அனுப்பும் கடமை எதுவும் அதில் வராது என்பதால்தான் அமெரிக்கத் தரப்பு அந்தச் சொல்லில் பிடிவாதமாக நின்றது. உக்ரைன் மொழிப் பிரதியிலும் ரஷ்ய மொழிப் பிரதியிலும் இருப்பது "உத்தரவாதம்" என்ற சொல்.

1996 நடுவில் கடைசிக் குண்டும் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தது. 2014இல் கிரிமியாவும் ரஷ்யாவிடம் போயிற்று.

குண்டைக் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பதிலுக்கு வாங்கிய காகிதம்தான் மட்டமான காகிதம்.


சமநீதி எழுதியது:

கேட்டவருக்கு நேரடியாகச் சொல்கிறேன். உங்கள் சீஃப் இப்போது நினைப்பது சரி. எந்த நாடும் தன்னைக் காத்துக்கொள்ள நினைப்பதில் தப்பில்லை.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். 1967 ஜனவரி 1க்கு முன்னால் குண்டு செய்து வெடித்துக் காட்டிய நாடு "அணு ஆயுத நாடு". அந்தத் தேதிக்குள் முடித்தவர்கள் ஐந்து பேர்: அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா. மற்ற எல்லோரும் என்றைக்கும் "இல்லாத நாடு". இப்படி ஒரு தேதியை வைத்து மனித குலத்தைப் பிரிக்கும் வேறொரு சட்டம் எனக்குத் தெரிந்து கிடையாது.

பதிலுக்கு அந்த ஐவர் கொடுத்த வாக்கு ஆறாவது பிரிவில் இருக்கிறது: ஆயுதக் களைவுக்காக நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவோம் என்று. 1970இல் அமலுக்கு வந்தபோது ஒப்பந்தத்துக்கு ஆயுள் 25 வருடம்தான். 1995இல் அதை நிரந்தரம் ஆக்கிக்கொண்டார்கள். 1986 வாக்கில் 70,000ஐத் தொட்ட எண்ணிக்கை இன்று 12,000 சொச்சமாக இறங்கியிருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஊரை அழிக்க ஒன்று போதும். இன்னும் புதிது புதிதாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கைவிட்டவர்களுக்கு என்ன நடந்தது? லிபியா 2003 டிசம்பரில் தன் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்து, இயந்திரங்களைப் பெட்டி பெட்டியாக ஒப்படைத்தது. 2011இல் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ கூட்டணியின் விமானங்கள் வந்தன, அக்டோபரில் லிபியத் தலைவர் கடாஃபி தெருவில் கொல்லப்பட்டார். இராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருப்பதாகச் சொல்லித்தான் 2003இல் படையெடுத்தார்கள். இல்லாததால் நுழைய முடிந்தது. அதே 2003இல் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்த வடகொரியா 2006இல் வெடித்துக் காட்டியது. 2018இல் அமெரிக்க அதிபர் சிங்கப்பூர் வரை போய் அதன் தலைவர் கிம்மோடு கை குலுக்கினார். கடாஃபியும் கிம்மும் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. உலகம் கற்றுக்கொடுத்த பாடம் என்ன என்று கேட்கிறேன்.

"அடுத்தவர் குடை இருக்கிறதே" என்பார்கள், அதாவது குண்டு வைத்திருக்கும் கூட்டாளி காப்பாற்றுவான் என்று. பாரிஸுக்காக நியூயார்க்கை இழக்க அமெரிக்கா துணியுமா என்று நேட்டோவுக்குள் இருந்துகொண்டே பிரெஞ்சு அதிபர் டி கோல் கேட்டார், பிரான்சுக்குச் சொந்தக் குண்டு செய்தார். பிரான்சுக்குப் பொருந்துகிற கேள்வி உக்ரைனுக்கும் தென்கொரியாவுக்கும் ஏன் பொருந்தக் கூடாது? தென்கொரியாவில் 2022இல் எடுத்த கருத்துக்கணிப்பில் பத்தில் ஏழு பேர் சொந்த அணு ஆயுதம் வேண்டும் என்றார்கள். அந்த ஏழு பேரும் போர்வெறியர்களா? வடக்கே எல்லையைப் பார்த்துப் பயந்த சாதாரண ஜனங்கள்.


இன்டர்லாக் எழுதியது:

சமநீதி, உங்கள் கோபத்தில் எனக்குப் பங்கு உண்டு. அந்தத் தேதி அநியாயமானதுதான். ஆனால் நீங்கள் நாடுகளின் உரிமையைப் பார்க்கிறீர்கள், நான் அலாரம் அடிக்கிற இரவைப் பார்க்கிறேன். இருபது வருடமாக ரசாயன ஆலைகளுக்குப் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு செய்துகொடுப்பது என் தொழில்.

எங்கள் வேலையில் ஒரே ஒரு சென்சாரை யாரும் நம்பமாட்டார்கள். மூன்று வைப்போம். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால்தான் டிரிப், அதாவது ஆலை தானாக நிற்கும். டூ அவுட் ஆஃப் த்ரீ என்போம். அதற்கும் அடியில் இன்னொரு விதி: சந்தேகம் வந்தால் நிறுத்து. ஒரு தடவை அதிகாலை மூன்றரைக்கு ஒரு டேங்கின் மட்டம் எகிறுவதாக இரண்டு மீட்டர்கள் காட்டின. ஆலை தானாக நின்றது. போய்ப் பார்த்தால் இரண்டு மீட்டருக்கும் ஒரே குழாய், அதில் அடைப்பு. இரண்டு நாள் உற்பத்தி போனது, திட்டு வாங்கினோம், ஆனால் எல்லோரும் உயிரோடு வீட்டுக்குப் போனோம். ஏனென்றால் எங்களுக்கு ஒரு "பாதுகாப்பான நிலை" இருக்கிறது. வால்வை மூடு, எல்லாம் அடங்கும்.

அணு ஆயுதத்தில் அந்த நிலை கிடையாது. எதிரி ஏவிவிட்டான் என்று திரை சொல்கிறது. பேசாமல் இருந்து அது உண்மையாக இருந்தால் உங்கள் நாடு போச்சு. திருப்பி அடித்து அது பொய்யாக இருந்தால் இரண்டு நாடும் போச்சு. மூடுவதற்கு வால்வே இல்லை. என் தொழிலில் இப்படி ஒரு அமைப்பைக் கொண்டுவந்து காட்டினால் வரைபடத்தைக் கிழித்துப் போடச் சொல்லுவோம்.

திரைகள் பொய் சொல்லியிருக்கின்றன. 1979 நவம்பரில் அமெரிக்க எச்சரிக்கை மையத்தில் பயிற்சிக்கான டேப் நிஜக் கணினியில் ஓடி, சோவியத் தாக்குதல் வருவதாகக் காட்டியது. அடுத்த ஜூனில் ஒரு சில்லு பழுதாகி மறுபடியும் அதே அலாரம். 1983 செப்டம்பர் 26 அன்று மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு நிலத்தடி மையத்தில் சோவியத் அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் பணியில் இருந்தபோது, அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாக செயற்கைக்கோள் சொன்னது. ஐந்தை மட்டும் வைத்து யார் போரைத் தொடங்குவார்கள் என்று யோசித்து, பொய் அலாரம் என்றே அவர் மேலே சொன்னார். மேகத்தின் மேல் பட்டுத் தெறித்த வெயில்தான் அது. 1995இல் நார்வே ஒரு ஆராய்ச்சி ராக்கெட் விட்டது. முன்கூட்டியே ரஷ்யாவுக்குத் தகவலும் அனுப்பியிருந்தது. தகவல் ரேடார் பார்ப்பவர்களிடம் வந்து சேரவில்லை. ரஷ்ய அதிபர் யெல்ட்சின் முன்னால், ஏவும் உத்தரவு கொடுப்பதற்கான அணுப் பெட்டி திறக்கப்பட்டது.

1961இல் வட கரோலினாவில் ஒரு விமானம் நடுவானில் உடைந்து இரண்டு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. அதில் ஒன்று வெடிப்பதற்கான படிகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு சின்ன ஸ்விட்ச் தாங்கியது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஸ்விட்ச் வாங்குகிறவள், அவை எத்தனை தடவை ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

இவை எல்லாம் பணமும் ஆளும் பல பத்தாண்டு அனுபவமும் இருந்த நாடுகளில் நடந்தவை. ஒருவருக்கொருவர் கடல் தாண்டி இருந்ததால் ஏவுகணை வந்து சேர அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியில்தான் பெட்ரோவ் யோசித்தார். பக்கத்துப் பக்கத்து நாடுகள் என்றால் சில நிமிடங்கள்தான். புதிதாகக் குண்டு செய்த நாட்டிடம் பத்தோ பதினைந்தோ இருக்கும். முதல் அடியில் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில் விரல் எப்போதும் பொத்தான் மேலேயே இருக்கும். 2022 மார்ச்சில் இந்தியாவிலிருந்து தவறுதலாகக் கிளம்பிய ஒரு ஏவுகணை பாகிஸ்தானுக்குள் போய் விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, அந்தப் பக்கத்தில் இருந்தவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். இப்படி இரண்டு நாடுகள் இருபதாகப் பெருகினால் எத்தனை பெட்ரோவ்களை நம்பி நாம் தூங்குவது?

இன்னொன்று. குண்டு கிடைத்தபின் பாதுகாப்பு என்றே வைத்துக்கொள்வோம். முடிவெடுத்த நாளுக்கும் குண்டு கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் சில வருடம் இருக்கிறது. அந்த வருடங்களில்தான் அடி விழுகிறது. 1981 ஜூனில் இராக்கின் ஒசிராக் அணு உலையை இஸ்ரேல் குண்டு வீசி அழித்தது. 2025 ஜூனில் ஈரானின் நதான்ஸ், ஃபோர்டோ அணு நிலையங்கள் அடிபட்டன. மிக்கோலாயிவ் சீஃபின் நாடு 1993இல் பூட்டை உடைக்கத் தொடங்கியிருந்தால், மாஸ்கோ பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்குமா?


மௌனவாசகி எழுதியது:

ஒரு சந்தேகம். சொந்தமாகச் செய்ய வேண்டாம், பெரிய நாடு ஒன்று தன் குண்டைக் கொண்டுவந்து சின்ன நாட்டில் வைத்தால்? அதுவும் "கிடைப்பது"தானே? அப்படி எங்காவது நடக்கிறதா?


பழைய பேப்பர் எழுதியது:

நடக்கிறது அம்மா. ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, இத்தாலி, துருக்கி ஆகிய ஐந்து நாடுகளில் அமெரிக்காவின் பி61 குண்டுகள் இருக்கின்றன. மொத்தம் சுமார் 100 என்று கணக்கு. போர் வந்தால் அவற்றை ஏற்றிச் செல்ல ஜெர்மன், இத்தாலிய விமானிகளே பயிற்சி எடுக்கிறார்கள். ஆனால் அமெரிக்க அதிபர் அனுமதித்துக் குறியீடு வராமல் குண்டு உயிர் பெறாது. பீரோ நம் வீட்டில், சாவி அடுத்தவர் இடுப்பில். அமைதிக் காலத்தில் குண்டு எங்கள் கையில்தானே இருக்கிறது, அதனால் ஒப்பந்த மீறல் இல்லை என்பது அமெரிக்காவின் வாதம். 2023இல் ரஷ்யா பெலாரூஸில் அணு ஆயுதம் வைக்கப்போவதாக அறிவித்தபோது இதே ஏற்பாட்டைத்தான் காட்டியது. 1996இல் கடைசி ஏவுகணையைத் திருப்பி அனுப்பிய பெலாரூஸ் அது.

இதில் சிக்கல், பீரோ இருக்கும் வீட்டில் சண்டை வந்தால்? 2016 ஜூலையில் துருக்கியில் ராணுவப் புரட்சி முயற்சி நடந்தபோது, குண்டுகள் இருப்பதாகக் கருதப்படும் இன்சிர்லிக் தளத்துக்கு வெளி மின்சாரம் பல நாள் துண்டிக்கப்பட்டது. அந்தத் தளத்தின் துருக்கியத் தளபதியையே கைது செய்தார்கள். அந்த இரவு வாஷிங்டனில் யாரும் தூங்கியிருக்கமாட்டார்கள்.

தென்கொரியாவிலும் 1958 முதல் 1991 வரை அமெரிக்கக் குண்டுகள் இருந்தன.


சமநீதி எழுதியது:

இன்டர்லாக், "பாதுகாப்பான நிலை இல்லை" என்று நீங்கள் சொன்னதை நேற்று முழுக்க யோசித்தேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாதம், அந்த ஐவரையும் ஒப்பந்தத்துக்கு வெளியே செய்தவர்களையும் சேர்த்து இப்போது வைத்திருக்கும் ஒன்பது நாடுகளுக்கும் பொருந்தும். பத்தாவது ஆளிடம் மட்டும் அதைச் சொல்வது சரியா?


இன்டர்லாக் எழுதியது:

பொருந்தும். ஒன்பது பேரிடமும் அதைத்தான் சொல்ல வேண்டும். வீட்டில் ஒன்பது கேஸ் கசிவு இருக்கிறது என்பதற்காகப் பத்தாவதைத் திறந்துவிட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. பிரேசிலும் அர்ஜென்டினாவும் ஒன்றுக்கொன்று போட்டியாக யுரேனியம் செறிவூட்டும் வேலையை ரகசியமாகச் செய்தன. ராணுவ ஆட்சிகள் போனபின், 1987இல் அர்ஜென்டினா அதிபர் அல்ஃபோன்சின், பிரேசில் அதிபர் சார்னியைத் தாங்கள் ரகசியமாகக் கட்டிய ஆலைக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். 1991இல் இரண்டு நாடும் சேர்ந்து ஒரு பொது ஆய்வு அமைப்பு வைத்தன. பிரேசில் ஆலையை அர்ஜென்டினா ஆட்கள் பார்ப்பார்கள், அர்ஜென்டினா ஆலையை பிரேசில் ஆட்கள் பார்ப்பார்கள். இன்றைக்கும் நடக்கிறது. தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகள் செய்து, தானே பிரித்துப் போட்டது. 1993இல்தான் அதிபர் டி கிளார்க் அதை வெளியே சொன்னார்.

ஆனால் இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இந்த மூன்று நாடுகளுக்கும் அப்போது பக்கத்தில் ஒரு ரஷ்யா இல்லை.


இரவு வாட்ச் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாளாக வாட்ச் முடிந்து வந்ததும் இதைத்தான் படிக்கிறேன். சில பதில்களை இரண்டு தடவை படித்தேன்.

இன்டர்லாக் மேடம் சொன்ன அலாரம் விஷயம் எனக்கு உடனே உறைத்தது. எஞ்சின் ரூமில் நாங்களும் அதே வாழ்க்கைதான். எஞ்சினுக்குள் எண்ணெய் ஆவி சேர்கிறது என்று ஆயில் மிஸ்ட் அலாரம் அடித்தால் எஞ்சினை மெதுவாக்கு, அப்புறம் யோசி. கப்பல் தாமதமானால் பரவாயில்லை. மெதுவாக்க வழியே இல்லாத ஒரு எஞ்சினை, கப்பலைச் சோதிக்கும் எந்த சர்வேயரும் கடலுக்கு விடமாட்டார். ஆகவே, கேள்வியை இப்படியே என்னிடம் கேட்டால், இல்லாத நாட்டுக்கு அது கிடைக்கக் கூடாது என்றுதான் சொல்வேன். கொரியாவாக இருந்தாலும் சரி, உக்ரைனாக இருந்தாலும் சரி.

ஆனால் இதைச் சொல்லும் தகுதி எனக்கு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன். என் அம்மா கேன் தூக்கவில்லை. ஒருவரிடம் "அதைத் தொடாதே" என்று சொல்கிறவர், அவர் வீட்டுக் கதவை யாராவது உடைக்கும்போது வந்து நிற்க வேண்டும். வந்து நிற்கமாட்டேன், ஆனாலும் தொடாதே என்றால், சமநீதி சொல்வதற்கு யாரிடமும் பதில் இருக்காது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நூற்றுத் தொண்ணூறு நாடுகளில் ஐந்தைத் தவிர மற்ற எல்லோரும் வேண்டாம் என்று சொல்லி இருக்கிறார்கள். அந்த "வேண்டாம்"தான் இன்று வரை நம்மைக் காப்பாற்றியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 1970களில் பதினைந்து, இருபது, இருபத்தைந்து நாடுகளிடம் இது இருக்கலாம் என்று 1963இல் கென்னடி பயந்தார். இன்றைக்கு ஒன்பதுதான். மற்றவர்கள் அடங்கியிருந்ததால்தான் ஒன்பது. அப்படி அடங்கியிருந்த ஒரு நாட்டுக்குக் கிடைத்ததைத்தான் நான் மெஸ் ரூமில் பார்த்தேன்.

நேற்று சீஃபுக்கு போன் செய்தேன். இப்போது விடுப்பில் இருக்கிறார், அம்மா அவரோடு வேறு ஊரில். முதலில் பேரிங் பற்றிப் பேசினோம். அப்புறம் நாகசாகி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அன்று சொன்னதும் உண்மை, கன்ட்ரோல் ரூமில் சொன்னதும் உண்மை, இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளத் தனக்கு இடம் போதவில்லை என்றார். நான் குறுக்கே பேசவில்லை. மாஸ்கோவில் இருந்த குறியீடுகள், டிரிட்டியம் எல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. எஞ்சின்காரர் அல்லவா, என்னைவிட நன்றாகவே விளக்கினார்.

பழைய பேப்பர் ஐயா சொன்ன சொல் வித்தியாசத்தைத் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். ஆங்கிலத்தில் உறுதிமொழி என்றுதான் இருக்கிறதாமே, அது உங்களுக்குத் தெரியுமா என்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"1994இல் எனக்கு இருபத்திரண்டு வயது" என்றார். "பேப்பரில் வந்ததை அப்பா சத்தமாகப் படித்தார். எங்கள் மொழியில்தான் படித்தார்."